உங்கள் கடைப் பெயரில் அஃபிலியேட் விளம்பரம் போடலாமா? நான்கு வழிகளை எடை போட்டுப் பார்ப்போம்

தி. நகரில் பட்டுப்புடவை, மயிலாப்பூரில் காபிப் பொடி, அம்பத்தூரில் மசாலா யூனிட் என்று தொழில் எதுவானாலும், ஆன்லைன் விற்பனை கொஞ்சம் சூடு பிடித்ததும் அடுத்து எல்லோரும் யோசிப்பது அஃபிலியேட் புரோகிராம். வெளியாள் ஒருவர் (அவர்தான் அஃபிலியேட்) உங்கள் பொருளை விளம்பரப்படுத்தி ஆள் அனுப்புவார். ஆர்டர் வந்தால் அவருக்குக் கமிஷன், வராவிட்டால் செலவில்லை. தீபாவளி சீசனுக்கு முன்னால் எப்படியாவது தொடங்கிவிட வேண்டும் என்று கடைகளையும் அஃபிலியேட்டுகளையும் இணைக்கும் நெட்வொர்க்கில் பதிவு செய்ய உட்காருவார்கள். அங்கே ஒரு கேள்வி வரும்: பிராண்ட் கீவேர்டில் (உங்கள் கடைப் பெயரான தேடல் சொல்லில்) அஃபிலியேட்டுகள் பிட் செய்ய, அதாவது விளம்பர ஏலம் கேட்க, அனுமதி உண்டா, இல்லையா? என்ன பதில் போடுவது என்று தெரியாமல் நிற்கிற இடம் இதுதான். கடந்த சில வாரங்களில் வாசகர்கள் என்னிடம் அதிகம் கேட்டதும் இதைத்தான்.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒருவர் கூகுளில் உங்கள் கடைப் பெயரையே தட்டித் தேடுகிறார். மேலே வரும் விளம்பர இடத்தை உங்கள் அஃபிலியேட் ஏலத்தில் எடுத்திருக்கிறார். தேடியவர் அதைத் தொட்டு உங்கள் தளத்துக்கு வந்து வாங்கினால், அந்த ஆர்டருக்கு அவருக்கு நீங்கள் கமிஷன் தர வேண்டும். இதுதான் பிராண்ட் பிட்டிங்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் உள்ள சிறு, நடுத்தர பிராண்டுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தடைதான் சரி. ஆனால் கண்காணிக்க ஆளில்லாத தடையால் எந்தப் பயனும் இல்லை. நேர்மையான அஃபிலியேட் விலகி நிற்பார், மற்றவர் வந்து உட்காருவார். ஆகவே எந்த வழியை எடுத்தாலும், அதைக் கவனித்துக்கொள்ள உங்களிடம் நேரமும் ஆளும் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, அந்த ஆர்டர் எப்படியும் வந்திருக்குமா? கடைப் பெயரைத் தெரிந்து தேடுகிறவர் ஏற்கெனவே உங்களிடம் வந்துகொண்டிருக்கிறவர். 2012-ல் இபே நிறுவனம் அமெரிக்காவில் யாஹூவிலும் எம்எஸ்என்னிலும் தன் பெயருக்கான விளம்பரங்களை நிறுத்திப் பார்த்தது. அப்படி இழந்த கிளிக்குகளில் 99.5 சதவீதம் விளம்பரமில்லாத சாதாரணத் தேடல் முடிவுகள் வழியாகவே வந்து சேர்ந்தது. இபே பெரிய பெயர். உங்கள் பெயருக்கு மேலே போட்டியாளர் விளம்பரம் போட்டிருந்தால் நிலைமை இவ்வளவு சாதகமாக இருக்காது. ஆனாலும் பெயரைத் தேடி வருகிறவர் புது ஆள் என்று எடுத்த எடுப்பில் நம்பிவிடக் கூடாது.

இரண்டாவது, பணம். கூகுள் ஏலத்தில் நீங்கள் கொடுக்கும் கிளிக் விலை, உங்களுக்குக் கீழே இருப்பவரைத் தாண்டத் தேவையான அளவுதான். உங்கள் பெயருக்கு நீங்கள் மட்டுமே நின்றால் விலை அடிமட்டத்தில் இருக்கும். இன்னொருவர் நுழைந்ததும் ஏறும். அந்த இன்னொருவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உங்கள் கமிஷனிலிருந்து. நீங்கள் தரும் காசுதான் உங்களுக்கு எதிராக ஏலம் கேட்கிறது.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். சராசரி ஆர்டர் ₹1,500. பெயரைத் தேடி வருகிறவர்களில் 12 கிளிக்குக்கு ஓர் ஆர்டர். கமிஷன் 8 சதவீதம், அதாவது ₹120. நெட்வொர்க் கட்டணம் அந்தக் கமிஷனில் 20 சதவீதம், ₹24. மாதம் 300 பேர் பெயரைத் தேடி வந்து வாங்குகிறார்கள். ஜிஎஸ்டியைக் கணக்கில் சேர்க்கவில்லை.

| | நீங்கள் மட்டும் பிட் செய்தால் | அஃபிலியேட்டும் நுழைந்தால் |
|---|---|---|
| உங்கள் கிளிக் விலை | ₹4 | ₹7 |
| உங்கள் விளம்பரம் வழி ஆர்டர் | 300 | 180 |
| அதற்கான செலவு | ₹14,400 | ₹15,120 |
| அஃபிலியேட் வழி ஆர்டர் | 0 | 120 |
| கமிஷனும் நெட்வொர்க் கட்டணமும் | 0 | ₹17,280 |
| மொத்தச் செலவு | ₹14,400 | ₹32,400 |
| ஓர் ஆர்டருக்கு | ₹48 | ₹108 |

ஆர்டர் அதே 300. செலவு இரண்டு மடங்குக்கும் மேல். ₹120 கமிஷன் பெறுகிற அஃபிலியேட் ஒரு கிளிக்குக்கு ₹10 வரை கொடுத்தாலும் கையைக் கடிக்காது. ஆகவே ₹7 என்பதும் நான் பெருந்தன்மையோடு போட்ட எண்தான். உங்கள் கமிஷன் சதவீதம் ஏற ஏற அவர் பிட் செய்யக்கூடிய உச்சமும் ஏறும்.

மூன்றாவது, மற்ற பங்காளிகள். இதைப் பலரும் கவனிப்பதில்லை. யூடியூபில் ஒருவர் உங்கள் டிகிரி காபிப் பொடியை வாங்கி, ஃபில்டரில் போட்டு, டிகாக்ஷன் இறங்குவதைக் காட்டிப் பத்து நிமிடம் பேசுகிறார். பார்த்தவர் மறுநாள் காலை பெயர் மட்டும் நினைவில் வைத்துக் கூகுளில் தேடுகிறார். மேலே இருக்கும் அஃபிலியேட் விளம்பரத்தைத் தொடுகிறார், வாங்குகிறார். பெரும்பாலான நெட்வொர்க்குகளில் கடைசி கிளிக்குக்குத்தான் கமிஷன். வீடியோ போட்டவருக்கு எதுவும் இல்லை. நான்கு மாதம் இப்படிப் போனால் அவர் வேறு பிராண்டுக்குப் போய்விடுவார். உண்மையாகவே புது ஆளைக் கொண்டுவந்தவர் அவர்தான்.

நான்காவது, உங்கள் பெயரில் யார் என்ன பேசுகிறார்கள் என்பது. ஆடித் தள்ளுபடி முடிந்த பிறகும் ‘50% தள்ளுபடி’ என்று ஓர் அஃபிலியேட் விளம்பரம் ஓடினால், போன் வருவது உங்கள் கடைக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தவறான விளம்பரத்துக்கு முதல் முறையிலேயே ₹10 லட்சம் வரை அபராதம் உண்டு. ‘போட்டது நாங்கள் இல்லை’ என்று விளக்கிக்கொண்டிருக்கும் நிலைமை யாருக்கும் வேண்டாம்.

ஐந்தாவது கண்காணிப்புச் செலவு. அதைத் தடையைப் பற்றிப் பேசும்போது விரிவாகப் பார்ப்போம்.

## சட்டமும் கூகுளும் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்

கொஞ்ச தூரம்தான். நீங்கள் டிரேட்மார்க் பதிவு செய்து புகார் கொடுத்தால், விளம்பர வாசகத்தில் உங்கள் பெயர் வருவதைக் கூகுள் கட்டுப்படுத்தும். கீவேர்டாகப் பயன்படுத்துவதைத் தடுக்காது. வாசகத்திலும் மறுவிற்பனையாளர்களுக்கும் தகவல் தளங்களுக்கும் விலக்கு இருக்கிறது. உங்கள் பொருளை விமர்சிக்கும் அஃபிலியேட் பக்கம் அந்த விலக்குக்குள் வந்துவிடலாம்.

நீதிமன்றங்களில் இதற்குச் சென்னையிலேயே முன்கதை உண்டு. பாரத்மேட்ரிமோனி நடத்திய கன்சிம் இன்ஃபோ நிறுவனம் கூகுள் மீதும் போட்டியாளர்கள் மீதும் தொடுத்த வழக்கில், 2010-ல் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. ‘தமிழ்’, ‘மேட்ரிமோனி’ மாதிரி எல்லோரும் பயன்படுத்தும் சொற்களை ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் சிக்கல். 2023 ஆகஸ்டில் டிஆர்எஸ் லாஜிஸ்டிக்ஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், பிறர் டிரேட்மார்க்கைக் கீவேர்டாக வைப்பதும் ‘பயன்பாடு’தான், ஆனால் வாடிக்கையாளர் குழம்பினால்தான் மீறல் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் மேக்மைட்ரிப், புக்கிங்.காம் வழக்கிலும் குழப்பம் இல்லை என்று சொல்லிப் போட்டியாளருக்குச் சாதகமாகவே முடிந்தது.

போட்டியாளர் விஷயத்தில் நிலைமை இது. அஃபிலியேட் விஷயம் வேறு. அவர் உங்களோடு ஒப்பந்தம் போட்டவர், அவருக்குப் போகும் பணம் உங்கள் கையில் இருக்கிறது. நீதிமன்றப் படி ஏறாமலே அவரை நிறுத்தலாம், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்.

இருந்தாலும் பெயரைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். சென்னை டிரேட்மார்க் அலுவலகம் கிண்டியில்தான் இருக்கிறது. தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஆன்லைனில் ஒரு வகைக்கு ₹4,500. பத்தாண்டு செல்லும்.

## முதல் வழி: முழுத் தடை

பெயர், எழுத்துப் பிழைகள், பெயரோடு சேரும் எந்தச் சொல்லும் கூடாது. அமேசான் தன் அஃபிலியேட்டுகளுக்கு இந்தத் தடையைத்தான் வைத்திருக்கிறது. பணம், பங்காளி உறவு, விளம்பர வாசகம் மூன்றிலும் இதுவே மேல். மறைந்திருக்கும் செலவு கண்காணிப்பில் இருக்கிறது.

முதலில் ஒப்பந்த வாசகம். ‘பிராண்ட் பிட்டிங் கூடாது’ என்று ஒரு வரி போதாது. பிராட் மேட்சில், அதாவது தொடர்புடைய தேடல்களுக்கும் கூகுளே விளம்பரத்தைக் காட்டும் அமைப்பில், ‘ஆன்லைன் காபிப் பொடி’ என்று பிட் செய்தாலும் உங்கள் பெயரைத் தேடுகிறவருக்கு அந்த விளம்பரம் போகும். ‘நான் உங்கள் பெயரைத் தொடவே இல்லை’ என்று அவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். அதனால், உங்கள் பெயரை நெகட்டிவ் கீவேர்டாக (விளம்பரம் காட்டக் கூடாத சொல்லாக) அவர் சேர்ப்பது கட்டாயம் என்று எழுத வேண்டும். எந்தெந்த வடிவங்கள் என்று பட்டியலும் கொடுக்க வேண்டும். 2024-லிருந்து கூகுளில் நெகட்டிவ் கீவேர்டுகள் எழுத்துப் பிழைகளையும் சேர்த்துத் தடுக்கின்றன. ஆனால் நம் ஊர்ப் பெயர்களுக்கு அதை மட்டும் நம்ப முடியாது. பெயரில் ‘ழ’ இருந்தால் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுவார்கள். தமிழிலும் தட்டுவார்கள், அதிலும் ஒருவர் ‘காபி’, ஒருவர் ‘காப்பி’. எல்லாவற்றையும் பட்டியலில் போடுங்கள். பிங் தேடலையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். கூகுளில் ஒழுங்காக இருக்கிற சிலர் அங்கே ஓட்டுவார்கள், கடைக்காரர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார் என்று தெரியும்.

அடுத்து டைரக்ட் லிங்க். அஃபிலியேட் தன் சொந்தப் பக்கத்துக்கு அழைத்துப் போகாமல், விளம்பரத்தில் உங்கள் தள முகவரியையே காட்டி தன் அடையாளம் ஒட்டிய டிராக்கிங் லிங்க் வழியாக நேராக உங்களிடம் அனுப்புவது. ஒரே தளத்துக்கு இரண்டு பேர் ஒரே இடத்துக்கு ஏலம் கேட்டால் கூகுள் பொதுவாக ஒருவரைத்தான் காட்டும். அவர் ஜெயித்தால் உங்கள் விளம்பரம் மறைந்துவிடும். வெளியில் பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

பிடிப்பது எப்படி? கடையில் உட்கார்ந்து தேடிப் பார்த்தால் கிடைக்காது. மீறுகிறவர் சென்னையை விலக்கிவிட்டுக் கோவைக்கும் மதுரைக்கும் மட்டும் விளம்பரத்தைக் காட்டுவார். அல்லது இரவு 12-க்கு மேல் ஓட்டுவார். கூகுள் ஆட்ஸ் கணக்குக்குள் இருக்கும் ‘ஆட் பிரிவியூ’ கருவியில் இடத்தைக் கோவை, திருச்சி, பெங்களூரு என்று மாற்றிப் பாருங்கள். ‘ஆக்ஷன் இன்சைட்ஸ்’ (Auction Insights) அறிக்கையில் உங்கள் பெயருக்கான ஏலத்தில் வேறெந்தத் தளங்கள் நிற்கின்றன என்று தெரியும். தன் பக்கத்துக்கு இழுக்கிற அஃபிலியேட் அதில் மாட்டுவார்.

டைரக்ட் லிங்க் ஆளைப் பிடிக்க உங்கள் சர்வர் பதிவேட்டைத் திறக்க வேண்டும். கூகுள் விளம்பரத்தைத் தொட்டு வருகிறவரின் முகவரி வாலில் ‘ஜிசிஎல்ஐடி’ (gclid) என்ற குறி ஒட்டிக்கொண்டிருக்கும். அஃபிலியேட் வழியாக வருகிறவரிடம் அவருடைய அடையாள எண் இருக்கும். இரண்டும் ஒரே வரியில் இருந்தால், அந்த ஆள் கூகுள் விளம்பரம் போட்டு உங்கள் தளத்துக்கு நேராக அனுப்புகிறார். என்ன கீவேர்ட் என்று அது சொல்லாது. ஆனால் கேட்பதற்கு ஆதாரம் கையில் வந்துவிட்டது.

குறியை இடையில் ஒரு பக்கம் வைத்துக் கழுவிவிடுகிறவர்களும் உண்டு. அவர்களை ஆர்டர் விகிதம் காட்டிக்கொடுக்கும். வலைப்பதிவோ யூடியூபோ வைத்திருப்பவரிடமிருந்து நூறு கிளிக்குக்கு ஒன்றிரண்டு ஆர்டர் வந்தாலே நல்லது. ஒருவருக்கு மட்டும் பன்னிரண்டுக்கு ஒன்று என்று, உங்கள் சொந்த பிராண்ட் விளம்பரத்தின் விகிதத்தையே ஒட்டி வந்தால், அவர் எங்கிருந்து ஆட்களைக் கொண்டுவருகிறார் என்று கேளுங்கள். நான் முதலில் பார்ப்பது எப்போதும் இந்த எண்ணைத்தான். பிராண்ட்வெரிட்டி, ஆட்தெனா மாதிரி கருவிகள் இதையெல்லாம் தானாகச் செய்யும். ஆனால் மாதத்துக்கு முந்நூறு ஆர்டர் உள்ள கடைக்கு வாரம் ஒரு மணி நேரம் கையால் பார்ப்பதே போதும்.

தண்டனையும் எழுத்தில் இருக்க வேண்டும். கமிஷனை உடனே விடுவிக்காமல் 45 அல்லது 60 நாள் நிறுத்தி வைக்கும் ஏற்பாடு, மீறினால் அந்தக் காலத்துக் கமிஷன் முழுதும் ரத்து, இரண்டாவது முறை வெளியேற்றம். பணம் போய்ச் சேர்ந்த பிறகு திரும்பக் கேட்டு வாங்குவது நடக்காத காரியம்.

வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிகிற, தன் பெயருக்குத் தானே விளம்பரம் போடுகிற எந்த பிராண்டுக்கும் இந்த வழிதான் பொருந்தும்.

## இரண்டாவது வழி: பெயருக்குத் தடை, கூட வரும் சொற்களுக்கு அனுமதி

வெறும் பெயரில் பிட் செய்யக் கூடாது, ‘பெயர் + விமர்சனம்’, ‘பெயர் + கூப்பன்’ மாதிரிச் சொற்களில் செய்யலாம், தன் சொந்தப் பக்கத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். நடுநிலையான ஏற்பாடு மாதிரித் தெரியும். ஆனால் அந்த இரண்டு சொற்களும் ஒன்றல்ல.

‘விமர்சனம்’, ‘நல்லதா’, ‘எது பெஸ்ட்’ என்று சேர்த்துத் தேடுகிறவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. அவருக்கு ஒரு நல்ல ஒப்பீட்டுப் பக்கம் உதவும். அதை நீங்களே எழுதினால் நம்ப மாட்டார், வேறொருவர் எழுதினால் நம்புவார். இங்கே அஃபிலியேட் செய்வது உண்மையான வேலை.

‘கூப்பன்’ சேர்த்துத் தேடுகிறவர் பெரும்பாலும் கூடையை நிரப்பிவிட்டு, பணம் கட்டும் பக்கத்தில் ‘கூப்பன் கோடு’ பெட்டியைப் பார்த்துவிட்டுத் தேடப் போனவர். அவரைக் கூப்பன் தளம் திருப்பி அனுப்பும்போது நீங்கள் தள்ளுபடியும் தருகிறீர்கள், கமிஷனும் தருகிறீர்கள். இதற்கு அனுமதி கொடுப்பதைவிட, உங்கள் தளத்திலேயே ‘இன்றைய சலுகைகள்’ என்று ஒரு பக்கம் திறந்து, ‘பெயர் + கூப்பன்’ தேடலுக்கு நீங்களே சில ரூபாயில் விளம்பரம் போட்டுவிடுங்கள்.

இந்த வழியை எடுப்பதானால் விமர்சனம், ஒப்பீடு சார்ந்த சொற்களுக்கு மட்டும் அனுமதி என்று சுருக்கி எடுங்கள். மிக்ஸி, வாட்டர் ப்யூரிஃபையர், ஆன்லைன் வகுப்பு மாதிரி வாங்குவதற்கு முன் பத்து இடம் விசாரிக்கும் பொருள்களுக்கு இது நன்றாக வேலை செய்யும். இட்லிப் பொடிக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை.

## மூன்றாவது வழி: ஒரே ஒருவருக்கு அனுமதி

எல்லோருக்கும் தடை, நம்பிக்கையான ஓர் அஃபிலியேட்டுக்கு மட்டும் குறைந்த கமிஷனில் பிராண்ட் விளம்பரத்தை ஒப்படைப்பது. இதை நான் பலரைவிடக் கொஞ்சம் உயர்வாகவே மதிக்கிறேன். காரணம், கூகுள் ஆட்ஸ் பார்க்க ஆளே இல்லாத கடைகள் நம் ஊரில் ஏராளம்.

மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்வோம். பிராண்ட் ஆர்டர்களுக்கு மட்டும் 4 சதவீதக் கமிஷன், அதாவது ₹60. நெட்வொர்க் கட்டணம் ₹12. மாதம் 300 ஆர்டருக்கு ₹21,600. நீங்களே ஓட்டினால் ₹14,400. ஆனால் உங்களுக்காக ஓட்ட ஓர் ஏஜென்சிக்கு மாதம் ₹10,000 கொடுத்தால் ₹24,400 ஆகிவிடும். அந்த நிலையில் அஃபிலியேட்டே லாபம். 3 சதவீதத்துக்குப் பேரம் பேசலாம் என்று தோன்றும். அதில் அவருக்கு ₹45 கிடைக்கும், கிளிக் செலவோ ₹48 ஆகும். அவர் ஒப்புக்கொண்டால்தான் நீங்கள் யோசிக்க வேண்டும், அந்த ₹3-ஐ எங்கிருந்து எடுக்கப்போகிறார் என்று.

நிபந்தனைகள் கறாராக இருக்கட்டும். விளம்பர வாசகத்தை நீங்கள் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே போட வேண்டும். தேடல் சொற்களின் அறிக்கை மாதா மாதம் வர வேண்டும். நீங்கள் சொல்லும் நாளில் நிறுத்த வேண்டும். கமிஷனில் டிடிஎஸ் பிடிக்க வேண்டியிருந்தால் அதையும் மறக்காதீர்கள், 2024 அக்டோபரிலிருந்து அது 2 சதவீதம்.

மறைந்திருக்கும் செலவு, தகவல். உங்கள் பெயரை மக்கள் என்னென்ன சொல்லோடு சேர்த்துத் தேடுகிறார்கள், எந்த ஊரிலிருந்து தேடுகிறார்கள் என்பதெல்லாம் அவருடைய கணக்கில் சேரும். உறவு முறிந்தால் அதுவும் அவரோடு போய்விடும். அறிக்கையை விடாமல் வாங்கி வைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

## நான்காவது வழி: யார் வேண்டுமானாலும் போடலாம்

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் வாதம் ஒன்று உண்டு. “சார், நான் உங்க பேர்ல பிட் பண்ணலைன்னா எதிர்க்கடைக்காரர் பண்ணுவாரு. நாங்க நாலு பேர் நின்னா அவருக்கு எடமே இருக்காது.” அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. போட்டியாளர்கள் உங்கள் பெயர்மேல் கூட்டமாக விளம்பரம் போடும் துறைகளில், கடன், இன்ஷூரன்ஸ், பயணம் மாதிரி இடங்களில், மேலே உள்ள எல்லா இடத்தையும் உங்கள் பக்கத்து ஆட்களே பிடிப்பது பயனுள்ளதுதான்.

ஆனால் முதலில் ‘ஆக்ஷன் இன்சைட்ஸ்’ திறந்து பாருங்கள். போட்டியாளர் அங்கே நிற்கிறாரா? நிற்கவில்லை என்றால் இல்லாத எதிரிக்குக் காவல் போட்டுச் சம்பளம் கொடுக்கிறீர்கள். நின்றாலும், நீங்கள் ஒருவரே பிட்டை ஏற்றுவது நான்கு பேருக்குக் கமிஷன் கொடுப்பதைவிட மலிவு. பட்டு, மளிகை, நகை, தின்பண்டம் விற்கிற யாருக்கும் இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

## அஃபிலியேட்டாக இருப்பவர்களுக்கு

இதைப் படிப்பவர்களில் அந்தப் பக்கம் இருப்பவர்களும் உண்டு. வேண்டுமென்றே செய்யாமலே பலர் மாட்டிக்கொள்கிறார்கள், பெரும்பாலும் பிராட் மேட்சாலும் கூகுளே தானாக ஓட்டும் பெர்ஃபாமன்ஸ் மேக்ஸ் விளம்பரத்தாலும். அதில் கீவேர்டைத் தேர்ந்தெடுப்பது கூகுள், நீங்கள் இல்லை. பிராண்ட் பெயர்த் தேடலுக்குப் போனால் ஆர்டர் சுலபமாக விழும் என்று அது கண்டுபிடித்துத் தானே அங்கே போய் நிற்கும். அந்த மாதம் வருமானம் திடீரென்று ஏறியிருக்கும், இரண்டு மாதம் கழித்து எல்லாக் கமிஷனும் ரத்தாகி மெயில் வரும். கூகுளுக்குக் கட்டிய பணம் திரும்பாது.

விளம்பரத்தை ஓட்டத் தொடங்கும் அன்றே கடைக்காரரின் பெயரை நெகட்டிவ் கீவேர்டாகவும், பெர்ஃபாமன்ஸ் மேக்ஸில் ‘பிராண்ட் எக்ஸ்க்ளூஷன்’ ஆகவும் சேர்த்து, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்து வடிவத்தைத் தனியாகச் சேருங்கள். புரோகிராம் விதிகளில் பிராண்ட் பிட்டிங் பற்றி ஒன்றும் எழுதியிருக்காவிட்டால், அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நெட்வொர்க் மேலாளருக்கு மெயில் அனுப்பி, எந்தெந்தச் சொற்கள் கூடாது, டைரக்ட் லிங்க் செய்யலாமா, கூப்பன் சொற்கள் செல்லுமா என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் “போடுங்க பாஸ், பரவாயில்ல” என்று சொன்னது, கமிஷன் நிற்கும்போது யாருக்கும் நினைவிருக்காது.